நூறு சதவீத மதிப்பெண்ணுக்குப் பிறகு: நெட் விசினியின் 'இட்ஸ் கைண்ட் ஆஃப் எ ஃபன்னி ஸ்டோரி'

கிரெய்க் கில்னருக்குப் பதினைந்து வயது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வசிக்கும் அவன், மன்ஹாட்டனில் உள்ள பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்வதற்காக விளையாட்டு, நண்பர்கள் என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் படித்து, நுழைவுத் தேர்வில் 800-க்கு 800 மதிப்பெண் வாங்கி, ஆசைப்பட்ட இடத்தைப் பிடித்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் அவன் நொறுங்கத் தொடங்குகிறான். நெட் விசினி எழுதி 2006-இல் வெளிவந்த இந்த நாவலின் முழு வலிமையும் அந்த வரிசையில் இருக்கிறது. தோற்றுப்போன பிள்ளையின் துயரம் எவருக்கும் எளிதில் விளங்கிவிடும். ஜெயித்துவிட்ட பிள்ளை ஏன் இரவில் தூங்காமல் கிடக்கிறான், ஏன் ஒரு வாய் சாப்பிட முடியாமல் தவிக்கிறான் என்பதை அவன் பெற்றோருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. அதை வாசகருக்குப் புரியவைப்பதோடு, பக்கத்துக்குப் பக்கம் வாய்விட்டுச் சிரிக்கவும் வைக்கிறார் விசினி.

கிரெய்க் படிக்கும் பள்ளி கற்பனையானது. ஆனால் அதன் வகையைச் சேர்ந்த பள்ளிகள் நியூயார்க்கில் உண்மையாகவே இருக்கின்றன. ஸ்டைவெசன்ட், பிராங்க்ஸ் சயன்ஸ், புரூக்ளின் டெக் ஆகிய மூன்று அரசுப் பள்ளிகளிலும் நுழைவுத் தேர்வின் மூலமே மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று வகுத்துவைத்திருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஒருநாள் காலையில் எழுதும் ஒரே தேர்வு அடுத்த நான்கு ஆண்டுகளைத் தீர்மானித்துவிடுகிறது. விசினி ஸ்டைவெசன்ட்டில் படித்தவர். அதனால்தான் தேர்வுக்குத் தயாராகும் பகுதிகளில், சொற்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்யும் பையனின் வெறியும் அதில் அவனுக்குக் கிடைக்கும் உண்மையான மகிழ்ச்சியும் ஒருசேரத் தெரிகின்றன. படிப்பைக் கொடுமை என்று மட்டும் காட்டாமல், ஓர் இலக்கை நோக்கி ஓடும்போது மனத்துக்குக் கிடைக்கும் நிம்மதியையும் அவர் மறைக்காமல் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இலக்கை அடைந்ததும் அந்த நிம்மதி போய்விடுகிறது. உள்ளே நுழைந்த பிறகு, அங்கே இருப்பவர்கள் எல்லோருமே தன்னைப் போலத் தேர்வில் ஜெயித்தவர்கள்தாம், அவர்களில் பலர் தன் அளவுக்குச் சிரமப்படாமலேயே ஜெயித்தவர்கள் என்பது கிரெய்க்குக்குத் தெரியவருகிறது. மதிப்பெண்கள் 93 என்ற அளவில் நிற்கின்றன. வேறு யாராக இருந்தாலும் கொண்டாடியிருப்பார்கள். அவனுக்கோ, தான் நடுத்தரமானவன் என்பதற்கான சான்றிதழாக அந்த எண் தோன்றுகிறது.

இந்த நாவலில் நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மனச்சோர்வைப் பற்றிய கதையில் சிரிப்பு என்றதும் பலருக்குத் தயக்கம் வரும். மனநல ஆலோசகர் டாக்டர் மினர்வாவிடம் கிரெய்க் பேசும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் சரியாகப் படிக்க முடியவில்லை என்று தொடங்குகிறான். படிக்காவிட்டால் நல்ல கல்லூரி கிடைக்காது, நல்ல கல்லூரி கிடைக்காவிட்டால் நல்ல வேலை கிடைக்காது, வேலை இல்லாவிட்டால் வீடு இருக்காது என்று கணக்குப் பாடத்தின் படிகளைப் போல ஒன்றிலிருந்து ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், தெருவில் நிற்பதில் முடிக்கிறான். ஒவ்வொரு படியும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. மொத்தமாகப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பயங்கரமான அபத்தம் என்று தெரிகிறது. வாசகர் சிரித்துவிட்டு, அதே சங்கிலியை நாமும் நள்ளிரவில் கோத்ததுண்டே என்று உணர்ந்து திடுக்கிடுகிறார். அந்த ஆலோசகர் அவனைத் திருத்த முயலாமல் அடுத்த கேள்வியைக் கேட்கிறார் என்பதும் கவனிக்க வேண்டிய நுட்பம்.

அவனுடைய மனத்துக்குள் ஒரு படைத்தளபதி இருக்கிறார். அவர் அவனைச் சிப்பாய் என்று விளித்து, படுக்கையிலிருந்து எழுந்திருக்கவும் சாப்பிடவும் கட்டளையிடுகிறார். வயிற்றுக்குள் ஒரு மனிதன் இருந்துகொண்டு, உள்ளே போன உணவைத் திருப்பி இழுக்கிறான். குடும்பத்தோடு உணவு மேசையில் உட்கார்ந்து, அம்மா அன்போடு பரிமாறியதை விழுங்க முடியாமல், சிரித்த முகத்தோடு சமாளித்துக்கொண்டிருக்கும் பையனைப் பற்றிய பகுதி, நோயின் உடல்சார்ந்த பக்கத்தை எந்த மருத்துவக் கையேட்டையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது. தன் கவலைகளை அவன் இரண்டு வகையாகப் பிரித்துவைத்திருக்கிறான். சுற்றிப் பிடித்து இறுக்கும் கரங்கள் ஒருவகை: முடிக்காத வீட்டுப்பாடங்கள், பதில் எழுதாத மின்னஞ்சல்கள் போன்றவை. மனத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் நங்கூரங்கள் இன்னொரு வகை. பதின்வயதுப் பையன் ஒருவன் தனக்காகச் செய்துகொள்ளக்கூடிய வகைப்பாடு அது. உளவியல் நூலிலிருந்து எடுத்து அவன் வாயில் திணித்ததாகத் தோன்றவில்லை.

நடுவில் ஒரு தவறு நிகழ்கிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கி உடம்பும் மனமும் தேறியதும், இனிமேல் தேவையில்லை என்று கிரெய்க் தானாகவே மருந்தை நிறுத்திவிடுகிறான். விசினி இதை வாசகருக்கான ஓர் எச்சரிக்கையாக எழுதவில்லை. இரண்டு மூன்று பத்திகளில் கடந்துவிடுகிறார். ஆனால் பின்னர் வரும் சரிவுக்கு அது எவ்வளவு பெரிய காரணம் என்பது வாசகருக்குத் தானாகவே புரிகிறது. உபதேசம் செய்யாமல் உண்மையைச் சொல்லும் முறை இதுதான்.

ஒருநாள் இரவு, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எல்லைக்கு அவன் வந்துவிடுகிறான். அந்த இரவில் அவன் உதவித் தொலைபேசி எண் ஒன்றைத் தேடி எடுத்து அழைக்கிறான். பிறகு வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தானே நடந்துபோய்ச் சேர்ந்துகொள்கிறான். பதின்வயது நோயாளிகளுக்கான பிரிவில் பழுதுபார்க்கும் வேலை நடப்பதால், 'சிக்ஸ் நார்த்' எனப்படும் பெரியவர்களுக்கான மனநலப் பிரிவில் அவனை வைக்கிறார்கள். நாவலின் பெரும்பகுதி அங்கே கழியும் ஐந்து நாள்களைப் பற்றியது.

இந்தப் பகுதிதான் புத்தகத்தின் உயிர். நாள் முழுவதும் படுக்கையை விட்டு எழாத எகிப்தியரான முக்தாதா அவனுடைய அறைத்தோழர். தன்னைத் தலைவர் என்று அழைத்துக்கொள்ளும் ஆர்மேலியோ எந்நேரமும் சீட்டாட ஆள் தேடுகிறார். எல்லோரைப் பற்றியும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் ஹம்பிள் ஒருபுறம் இருக்கிறார். பாபி என்ற நடுவயது மனிதருக்கு, மருத்துவமனையை விட்டு வெளியேறியபின் தங்குவதற்கான இல்லம் ஒன்றில் நேர்காணல் இருக்கிறது; போட்டுக்கொண்டு போக நல்ல சட்டை இல்லை. கிரெய்க் அவருக்கு ஒரு சட்டைக்கு ஏற்பாடு செய்துகொடுக்கிறான். அந்தச் சட்டைப் பகுதியை நான் நிறுத்தி மீண்டும் படித்தேன். ஒரு தேர்வு தன் வாழ்வைத் தீர்மானிக்கும் என்று நடுங்கிய பையன், ஒரு நேர்காணல் தன் வாழ்வைத் தீர்மானிக்கும் என்று நடுங்கும் மனிதருக்கு எதிரே நிற்கிறான். விசினி இந்த ஒப்புமையை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு சட்டை கைமாறுவதை மட்டும் எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.

மருத்துவமனைக்குள்ளும் பள்ளி அவனை விடுவதில்லை. நோயாளிகளுக்கான பொதுத் தொலைபேசியில் நண்பர்கள் கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள். பள்ளி முதல்வரே அழைக்கும்போது, தன்னை நீக்கப்போகிறார்கள் என்று கிரெய்க் உறைந்துபோகிறான். அவரோ கனிவாகப் பேசுகிறார். மாணவனை வதைப்பதற்கென்று ஒரு கொடுங்கோல் ஆசிரியரையோ பேராசை பிடித்த பெற்றோரையோ படைத்துவிட்டு, பழியை அவர்கள் தலையில் போடுவது நாவலாசிரியருக்கு எளிதான வழி. விசினி அதைச் செய்யவில்லை. கிரெய்க்கின் அம்மாவும் அப்பாவும் பாசமானவர்கள், தங்கை சாரா அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அழுத்தம் கொடுப்பவர் யாரும் இல்லாமலேயே அழுத்தம் எப்படிப் பிள்ளையின் உள்ளே குடியேறிவிடுகிறது என்பதைக் காட்டியதால்தான் இந்த நாவல் இவ்வகை நூல்களில் தனித்து நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

சிறுவயதில் மன்ஹாட்டனின் வரைபடத்தை அப்படியே படியெடுக்க முயன்று, கோடுகள் ஒத்துவராமல் அவன் அழுதபோது, நீயாகவே ஒரு நகரத்தை வரைந்துகொள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பல ஆண்டுகள் மறந்திருந்த அந்த வழக்கம் மருத்துவமனையில் திரும்புகிறது. மனிதத் தலையின் வெளிக்கோட்டை வரைந்து, அதற்குள் தெருக்களும் பாலங்களும் சந்திப்புகளும் கொண்ட ஊரை நிரப்பத் தொடங்குகிறான். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு விதமான ஊர். நூலின் பிற்பகுதியில் சிரிப்பு சற்றுக் குறையும் இடங்களை இந்தப் படங்கள்தாம் தாங்கிப்பிடிக்கின்றன.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முகத்தில் தன் கையாலேயே ஏற்படுத்திக்கொண்ட தழும்புகளோடு வரும் நோயெல் என்ற பெண், கேள்விகளை மாறிமாறிக் கேட்டுக்கொள்ளும் விளையாட்டின் வழியே கிரெய்க்குடன் நெருங்கும் பகுதிகள் அழகாகத் தொடங்குகின்றன; ஆனால் அவளுடைய துயரம் எங்கிருந்து வந்தது, அவள் எதை நோக்கிப் போகிறாள் என்பதற்கு ஆசிரியர் போதிய இடம் தரவில்லை. கிரெய்க் தேறுவதற்குத் துணையாக வந்தவளாகவே அவள் நின்றுவிடுகிறாள். நண்பன் ஆரோனின் காதலி நியாவின் நிலையும் அதுவே. பிரிவில் உள்ள திருநங்கை ஒருவரை வைத்து எழுதப்பட்ட வேடிக்கை, அந்த மனிதரின் பாலின அடையாளத்தையே சிரிப்புக்குப் பொருளாக்குகிறது. மற்ற நோயாளிகளிடம் நூலாசிரியர் காட்டும் பரிவு இந்த இடத்தில் தவறிவிட்டது, இன்றைய இளம் வாசகர்கள் அதை மன்னிக்கமாட்டார்கள். ஐந்து நாளில் வரும் திருப்பமும் வேண்டிய அளவைவிடச் சுமுகமாக இருக்கிறது. மருந்தும் ஆலோசனையும் தொடரும் என்று கிரெய்க் உணர்வதைக் காட்டியிருந்தாலும், கடைசிப் பக்கங்களின் வேகம் அந்த நிதானத்தை அடித்துச் சென்றுவிடுகிறது.

ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் உண்மையான ஓர் அனுபவம் இருக்கிறது. 2004 நவம்பர் இறுதியில் விசினியே புரூக்ளின் மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் ஐந்து நாள்கள் இருந்தார். வெளியே வந்த ஒரு வாரத்தில் எழுதத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் இந்த நாவலை முடித்தார். அந்தத் தேதிகள் நூலின் இறுதியிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. 2013 டிசம்பரில், 32-ஆவது வயதில், அவர் தற்கொலையால் இறந்தார். இதைச் சொல்லி, நாவலின் நம்பிக்கை பொய்யாகிவிட்டது என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உதவி கேட்ட ஒருவருக்கு அந்த வாரத்தில் உதவி கிடைத்தது என்பதை நூல் சொல்கிறது. அதற்குப் பின் அவர் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார், எழுதினார். நோய் மீண்டும் வரக்கூடியது, அதற்கான கவனிப்பு நீண்டது என்பதை நாவலின் வாசகர்கள் ஆசிரியரின் வாழ்விலிருந்து சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்னா போடன், ரையன் ஃபிளெக் இருவரும் இயக்கிய திரைப்படம் 2010-இல் வந்தது. பாபியாக நடித்த சாக் கலிஃபியனாகிஸுக்காக அதைப் பார்க்கலாம். கிரெய்க்கின் மனத்துக்குள் நடக்கும் பேச்சு திரையில் அவ்வளவாகப் பிடிபடவில்லை என்பதால் முதலில் நூலைப் படிப்பதே நல்லது.

400 பக்கங்களுக்கு மேல் இருந்தாலும் அத்தியாயங்கள் சிறியவை. ஆங்கிலமும் எளிமையானது, பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நடையில் அமைந்தது. கொச்சைச் சொற்களும் போதைப்பொருள் பழக்கமும் பாலியல் எண்ணங்களும் ஒளிவுமறைவின்றி வருவதால், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இதைத் தரமாட்டேன். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை உள்ள வீட்டில் பெற்றோர் முதலில் படித்துவிட்டுப் பிறகு பிள்ளையிடம் கொடுத்தால், ஆலோசகரிடம் கிரெய்க் அடுக்கும் அந்தச் சங்கிலியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ள முடியும். இப்போதே அந்த இருட்டில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும், புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் அழைத்துப்போவதுதான் சரி. கிரெய்க்கும் அந்த இரவில் மருத்துவமனைக்குத்தான் போனான்.