சிலம்பமா, கிரிக்கெட்டா, நீச்சலா? துறுதுறு பிள்ளையை எதில் சேர்ப்பது

எங்கள் பையன் மூன்றாம் வகுப்பு. படிக்கட்டில் நடந்து இறங்கி நான் பார்த்ததில்லை, கடைசி நாலு படியைத் தாண்டித்தான் குதிப்பான். பள்ளி விட்டு வந்ததும் இவனை எதிலாவது சேர்த்துவிட வேண்டும் என்று தேடியபோது மதுரை திருநகரிலிருந்து போகக்கூடியதாகத் தெரிந்தவை கிரிக்கெட், நீச்சல், கராத்தே, சிலம்பம். சேர்த்தது சிலம்பத்தில். அதனால் இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

கராத்தே பற்றி எனக்குக் கேள்வி ஞானம்தான். எதிர்வீட்டுப் பெண் போகிறாள். நிதானம் வந்திருக்கிறது, ஆனால் பெல்ட் தேர்வுக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று அவள் அம்மா அலுத்துக்கொள்கிறார்.

எல்லாரும் முதலில் கட்டணத்தைத்தான் கேட்கிறார்கள். நான் பார்த்தது வேறு: ஒரு மணி நேர வகுப்பில் பிள்ளையின் உடம்பு எவ்வளவு நேரம் அசைகிறது? தெம்பு தீராமல் வீடு திரும்பினால் அந்த வகுப்புக்கு அனுப்பியும் அனுப்பாத கதைதான்.

கிரிக்கெட் அடிபட்டது இங்கேதான். 2025-இல் சிந்தாமணிப் பக்கம் புது மைதானத்தைத் தோனி வந்து திறந்துவைத்த பிறகு எங்கள் தெருப் பையன்கள் எல்லாருக்கும் அதே பேச்சு. இவனும் கேட்டான். வேறொரு இடத்துப் பயிற்சிக்கு ஒரு நாள் கூட்டிப்போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நெட்ஸில் நீள வரிசை. முறை வந்தால் சில பந்து அடிக்கலாம், மீதி நேரமெல்லாம் நிற்பதும் பந்து பொறுக்கிப் போடுவதும். பன்னிரண்டு வயதுப் பையன் அப்படி நின்றுகொண்டே அடுத்தவன் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வான். நம்மாள் முன்னால் நின்றவன் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மட்டை, காலுக்குக் கட்டும் பேட், கிளவுஸ், ஹெல்மெட் என்று வாங்கிக் கொடுத்து, அதெல்லாம் சிறிசாகிப்போகும் செலவு வேறு.

சிலம்பத்தில் வரிசை என்ற பேச்சே இல்லை. ஆளுக்கொரு கம்பு, ஆளுக்கொரு இடம், எல்லாரும் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும். முதலில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம், அப்புறம் குனிந்து மண்ணைத் தொட்டு வணக்கம், அப்புறம் காலடி, அதாவது கால் எடுத்து வைக்கும் பயிற்சி. வலது கைச் சுற்று முடிந்தால் இடது கை. இடது கையில்தான் இவன் சரண்டர். கம்பு வேகம் பிடிப்பதற்குள் கணுக்காலில் 'டொக்'கென்று ஒன்று விழும். அவசரப்பட்டால் அடி தனக்கேதான் என்பதால் நாம் தனியாகப் பொறுமையைப் போதிக்க வேண்டியதில்லை. “காலைப் பாருடா, கம்பு தன்னால வரும்” என்று ஆசான் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார். கவனம் சிதறாமல் இவன் செய்யும் ஒரே வேலை இதுதான். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் தடித்துவிட்டது, அதை எல்லாரிடமும் காட்டித் திரிகிறான். ராத்திரி ஒன்பதுக்கு வீடு அமைதி.

செலவும் கம்மி. கம்பு புருவ உயரம் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசான் கணக்கு. பிள்ளை வளர்ந்தால் வேறு கம்பு, பழையது சின்னவர்களுக்கு. நடந்து போகும் தூரத்தில் காலி மனையில் வகுப்பு. மழைதான் சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் மனை சேறாகிவிட்டால் அன்றைக்கு வகுப்பு கிடையாது, அந்த ஆட்டம் முழுக்க வீட்டில்தான்.

எதிர்காலம் உண்டா என்று மாமனார் கேட்டார். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் மதுரை உட்பட நான்கு ஊர்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இதைச் சொன்னதும் அவருக்குத் திருப்தி. எட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எனக்கு அந்தக் கணக்கு இப்போதைக்கு வேண்டாம்.

சிலம்பத்துக்கு ஈடாக நான் ஒப்புக்கொள்வது நீச்சலை மட்டும்தான். தண்ணீரில் இறங்கினால் கை, கால், மூச்சு மூன்றும் வேலை செய்தாக வேண்டும். கண்மாயும் கிணறுமாக இருக்கிற நம்ம பக்கத்தில் நீச்சல் தெரியாமல் ஒரு பிள்ளை வளரவும் கூடாது. ஆனால் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக் குளத்துக்குப் போக, திருநகரிலிருந்து பழங்காநத்தம் தாண்டி, வைகையைக் கடந்து, கோரிப்பாளையம் நெரிசலில் சாயங்கால நேரத்தில் வண்டி ஓட்ட வேண்டும். தினமும் நடக்காது. அந்தப் பக்கமே வீடு என்றால் என் தீர்ப்பு மாறியிருக்கலாம். சித்திரை, வைகாசி விடுமுறையில் சேர்ப்பதாக இருக்கிறோம்.

கம்பைக் கையில் கொடுத்தால் தங்கச்சியை அடிப்பானோ என்று பயந்தோம். இதுவரை இல்லை. கம்பு வாசல் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும், வகுப்புக்குப் போகும்போது மட்டும் எடுக்கலாம். ஜோடி போட்டு மோதும் கட்டம் எங்களுக்கு இன்னும் வரவில்லை, அதைப் பற்றி நான் பேசுவதற்கில்லை. கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடினால்தான் குஷி என்கிற பிள்ளைக்கு இது அலுத்தும் போகலாம். கம்பு சுற்றுவது பெரும்பாலும் தனியாகத்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கிரிக்கெட்டையே பாருங்கள், ஆனால் பணம் கட்டும் முன் ஒரு சாயங்காலம் போய் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்துவிடுங்கள்.