ஹட்டன் பயணம்: வீடியோ டொக்டருக்குப் பழைய ரிப்போர்ட் அனுப்புவது எப்படி

டொக்990, ஓடொக் போன்ற, வீடியோவில் டொக்டரோடு பேசும் செயலிகள் வந்த பிறகு, ஹட்டனில் இருக்கும் அம்மா அப்பாவைக் கொழும்பு டொக்டரிடம் காட்ட ஒரு முழு நாளைப் பஸ்ஸில் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் அனுப்புவதைத் தவிர அந்த டொக்டர் கையில் எதுவும் இல்லை. போன வருடச் சீனி அளவு தெரியாவிட்டால், இன்றைய அளவு ஏறியதா இறங்கியதா என்று அவரால் சொல்ல முடியாது. ஊருக்குப் போகிறவர்கள் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி முடிவுகள் பெரும்பாலும் கிளினிக் கொப்பியில்தான் கையால் எழுதியோ ஒட்டியோ இருக்கும். ஒட்டிய சிட்டைகளில் மெஷினில் அச்சான வழவழப்பான தாள் இருந்தால் அதை முதலில் படம் எடுங்கள். வெயிலும் சூடும் பட்டு எழுத்து மங்கிவிடும். கொப்பியை ஜன்னலோரம் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல், நான்கு மூலையும் விழும்படி எடுக்க வேண்டும். பெயர், திகதி, அலகு, சாதாரண அளவு ஆகிய நான்கும் தெரியாத படம் டொக்டருக்குப் பயன்படாது. கூகுள் டிரைவில் ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்குவது நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

மலையகத்தில் பெயர்ச் சிக்கல் பெரிது. அடையாள அட்டையில் ஒரு பெயர், லேபில் சொன்ன வீட்டுப் பெயர் வேறு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்; வயதையும் கிளினிக் இலக்கத்தையும் சேருங்கள்.

அலகு அதைவிட ஆபத்தானது. இங்கே சீனி பெரும்பாலும் மில்லிகிராமில் (mg/dL) வரும், லண்டனிலும் கனடாவிலும் மில்லிமோலில் (mmol/L). 126 மில்லிகிராமும் 7.0 மில்லிமோலும் ஒன்றுதான். மில்லிகிராமை 18ஆல் வகுத்தால் மில்லிமோல் வரும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினினை 88.4ஆல் பெருக்க வேண்டும்: 1.2 மில்லிகிராம் (mg/dL) என்பது 106 மைக்ரோமோல் (µmol/L). நீங்களே மாற்றி எழுதினாலும் மூல ரிப்போர்ட்டை விடாதீர்கள்.

எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அனுப்பும்போது அதே காலத்து ஹீமோகுளோபின் முடிவையும் சேருங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடிக் காட்டலாம். இரும்புக் குளிசை தொடங்கினால் இறங்கும். அது தெரியாமல் சீனிக் குளிசையைக் கூட்டினால், தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு மலை ஏறும்போது சீனி மிகவும் இறங்கித் தலை சுற்றலாம். குளிசை அட்டைகளையும் படம் எடுத்து வையுங்கள்.

மழை நாளில் சிக்னல் போய்விடும். ரிப்போர்ட்டைக் கெமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டலாம் என்று நம்ப வேண்டாம். முதல் நாளே அனுப்பி, கிடைத்ததா என்று கேளுங்கள். கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் செய்தால், கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பேசி முடிந்ததும் மாற்றிய மருந்தையும் அளவையும் திகதி போட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் பார்க்கப்போகும் டொக்டருக்கு அந்த வீடியோ அழைப்பு தெரியாது.