ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச் சீட்டுக்கு 34,800 வெள்ளி: சுங்கை சிப்புட் பெற்றோர் கவனத்துக்கு

ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச், அதாவது மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆஸ்திரேலியாவில் ஒரு செமஸ்டர் படிக்கலாம் என்று சொல்லி, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றிடம் 34,800 வெள்ளி கறந்திருக்கிறார்கள். பிள்ளை விமானம் ஏறினாள், மூன்று மாதம் கழித்துத் திரும்பியும் வந்தாள். அவள் படிக்கப் போன செமஸ்டர் மட்டும் நடக்கவே இல்லை. குடும்பத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏஜெண்டு ஆபீஸ் பெயரும் வேண்டாம், போர்டை மாற்ற அவர்களுக்கு ஒரு நாள் போதும். செய்த விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் விதம் மாறுவதில்லை.

அப்பா செம்பனைக் குலை லாரி ஓட்டுபவர். மகள் தனியார் கல்லூரியில் டிகிரி இரண்டாம் ஆண்டு. கோயில் மண்டபத்தில் நடந்த கல்விக் கருத்தரங்கில்தான் ஏஜெண்டு அறிமுகம். "அண்ணே, வெளியாள்கிட்ட போனா அம்பதாயிரம் கேப்பான். நாம ஒரே ஊருலா, நான் பாத்துக்கிறேன்" என்று பேச்சு. கே.டபள்யூ.எஸ்.பி. என்ற ஊழியர் சேமநிதியின் ஃபிளெக்சிபெல் கணக்கில் இருந்ததை எடுத்தார்கள், மீதிக்கு அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போனது.

ரசீதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஸ்டேஷனரி கடையில் விற்கும் கார்பன் தாள் ரசீதுப் புத்தகம். மொத்தம் ஐந்து வரி. பதிவு 1,800. 'இட உறுதி' 6,500. டியூசன் கட்டணம் 19,000. விசா, இன்சூரன்ஸ் 5,500. 'பேங்க் கணக்கு ஏற்பாடு' 2,000. அடியில் ரப்பர் ஸ்டாம்பில் 'பாயாரான் தீடாக் அகான் டிகெம்பாலிகான்', அதாவது கட்டிய பணம் திரும்ப வராது. ஸ்டாம்பில் இருந்த கம்பெனிப் பெயர் வேறு, கதவில் இருந்த பெயர் வேறு. பணம் போன கணக்கோ ஒரு தனிநபரின் பெயரில். இந்த மூன்றும் பொருந்தாதபோதே எழுந்து வந்திருக்கலாம். ஊர்க்காரரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தில்தான் பலரும் எழுந்து வருவதில்லை.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது? விசா என்று கொடுத்தது இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி, விசா வகை எண் (சப்கிளாஸ்) 601. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தன் போனில் ஆப் இறக்கி, கடப்பிதழை ஸ்கேன் செய்து, 20 ஆஸ்திரேலிய டாலர் கட்டினால் தானே வாங்கிக்கொள்ளக்கூடிய சுற்றுலா அனுமதி அது. ஒரு தடவை நுழைந்தால் மூன்று மாதம்தான் இருக்கலாம். வேலைக்குப் போகக் கூடாது. படிப்புக்கு 8201 என்று ஒரு நிபந்தனை உண்டு, அதன்படி மூன்று மாதத்துக்கு மேல் படிக்கக் கூடாது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் முதல் செமஸ்டர் பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஜூனில் முடியும், இரண்டாவது ஜூலைக் கடைசியில் தொடங்கி நவம்பரில். பாடம், பரீட்சை எல்லாம் சேர்த்தால் நான்கு மாதம் வந்துவிடும். மூன்று மாத அனுமதியில் நான்கு மாதப் படிப்பு எப்படி அடங்கும் என்று விரல் விட்டு எண்ணினாலே பொய் தெரிந்திருக்கும்.

ஆபர் லெட்டர் போலி இல்லை, அதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். நிஜமான கல்லூரி, நிஜமான லெட்டர்ஹெட். முதல் பக்கத்தில் வாழ்த்து, பிள்ளையின் பெயர், கடப்பிதழ் எண். படிப்பின் பெயர் இரண்டாம் பக்கத்தில், கட்டம் போட்ட பட்டியலுக்குள் இருந்தது: 10 வார ஆங்கில வகுப்பு, கட்டணம் 2,800 ஆஸ்திரேலிய டாலர். நம்ம காசுக்கு எட்டாயிரம் வெள்ளிக்குப் பக்கம். 19,000 என்று வாங்கியது இதற்குத்தான். குடும்பத்துக்கு வாட்சாப்பில் வந்தது முதல் பக்கத்தின் படம் மட்டும். எந்த ஆபர் லெட்டர் வந்தாலும் எல்லாப் பக்கமும் பி.டி.எஃப்.ஆகக் கேளுங்கள். அதுவும் ஏஜெண்டிடமிருந்து வேண்டாம், கல்லூரியே பிள்ளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பட்டும். ஆஸ்திரேலியக் கல்வி நிலையங்களின் முகவரி 'டாட் ஈ.டி.யு. டாட் ஏ.யு.' என்று முடியும், அந்த முடிவை யார் வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. பிரிட்டன் பல்கலைக்கழகமென்றால் 'டாட் ஏ.சி. டாட் யு.கே.'

"மூணு மாசம் முடியறதுக்குள்ள அங்கேயே ஸ்டூடண்ட் விசாவா மாத்திக்கலாம்" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முன்பு அப்படி ஒரு வழி இருந்தது உண்மை. 2024 ஜூலை 1 முதல் அடைத்துவிட்டார்கள். சுற்றுலா விசாவிலோ இ.டி.ஏ.விலோ உள்ளே இருப்பவர் அங்கிருந்தபடி மாணவர் விசாவுக்கு மனுப் போட முடியாது. இந்தப் பொய்யை இன்னும் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அடிப்படைக்கு வருவோம். ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையில் உள்ள ஒப்பந்தம். நம் பிள்ளை இங்கே தன் கல்லூரிக்கு வழக்கமான கட்டணத்தைக் கட்டுவாள், அங்கே டியூசன் கட்டணம் கிடையாது. அங்கிருந்து ஒரு மாணவர் அதே கணக்கில் இங்கே வருவார். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, விசா, இன்சூரன்ஸ் நம் செலவு. ஏஜெண்டுக்கு இதில் எங்கே இடம்? முழு டிகிரிக்கு ஆள் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் டியூசன் கட்டணத்திலிருந்து ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்கும், அது ஒழுங்கான வியாபாரம்தான். எக்ஸ்சேஞ்சில் டியூசன் வருமானமே இல்லாதபோது கமிஷனும் இல்லை. ஆகவே எக்ஸ்சேஞ்ச் சீட் வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஏஜெண்டின் சம்பளம் முழுக்க உங்கள் பையிலிருந்துதான் வர வேண்டும். 'இட உறுதி' என்ற 6,500 வெள்ளி அப்படிப் பிறந்த வரி.

ஒப்பந்தம் இல்லாத பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்டி ஒரு செமஸ்டர் போவதும் உண்டு. அதற்குப் பெயர் 'ஸ்டடி அப்ராட்'. செலவு அதிகம், ஆனால் மோசடி இல்லை. ஏஜெண்டுகள் இரண்டு பெயரையும் குழப்பிப் பேசுவார்கள். எது என்று முதலில் கேளுங்கள்.

நேரான வழி பிள்ளையின் சொந்தக் கல்லூரியில் தொடங்குகிறது. அங்கே அனைத்துலக அலுவலகம் இருக்கும், மொபிலிட்டி பிரிவு என்றும் சொல்வார்கள். எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது என்ற பட்டியலை அங்கேதான் கேட்க வேண்டும். பல இடங்களில் சி.ஜி.பி.ஏ. என்ற மொத்தச் சராசரிப் புள்ளி 3.00 எதிர்பார்ப்பார்கள். சொந்தக் கல்லூரி பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், அதற்கு நாமினேஷன் என்று பெயர். அது போன பிறகுதான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மனுவை ஏற்கும். இந்த வேலையைச் செமஸ்டருக்கு ஆறு மாதம் முன்பாவது தொடங்க வேண்டும். "அடுத்த மாசமே ஃபிளைட்" என்று யாராவது சொன்னால் அது எக்ஸ்சேஞ்ச் இல்லை. இந்தப் பிள்ளையின் கல்லூரிக்கு நாமினேஷன் போகவில்லை என்பது மட்டுமல்ல, அவள் வெளிநாட்டில் இருக்கிற விஷயமே தெரியாது. செமஸ்டரைத் தள்ளிவைக்க மனுக் கொடுக்காததால் வகுப்புக்கு வராத மாணவி என்று பதிவானது.

ஆஸ்திரேலியாவில் ஒரு செமஸ்டர் படிக்க வேண்டுமென்றால் சப்கிளாஸ் 500 மாணவர் விசா. அதற்குப் பல்கலைக்கழகம் சி.ஓ.இ. என்ற சேர்க்கைச் சான்று கொடுக்க வேண்டும். ஆபர் லெட்டர் வேறு, சி.ஓ.இ. வேறு. கல்லூரியும் படிப்பும் கிரைகோஸ் என்ற அரசாங்கப் பதிவேட்டில் இருக்கும், யாரும் இணையத்தில் தட்டிப் பார்க்கலாம். தங்கும் காலம் முழுவதற்கும் ஓ.எஸ்.எச்.சி. மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். மனுக் கட்டணம் 2025 ஜூலை 1 முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர், அதாவது நம்ம காசுக்கு 5,500 வெள்ளி வாக்கில். ரசீதில் விசாவும் இன்சூரன்ஸும் சேர்த்து 5,500 என்று எழுதியதைத் திரும்பப் பாருங்கள். விசாக் கட்டணத்துக்கே அது சரியாகிவிடும், இன்சூரன்ஸுக்கு மிச்சம் இருக்காது. விலை மலிவாக இருப்பதும் ஒரு தடயம்தான்.

ஏஜெண்டு மனுப் போட்டாலும், விசா மனுவுக்கான இம்மிஅக்கவுண்ட் என்ற இணையக் கணக்கு உங்கள் பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். விசா கிடைத்ததும் வீவோ என்ற ஆஸ்திரேலிய அரசாங்க இணையப் பக்கத்தில் கடப்பிதழ் எண், விசா எண், பிறந்த தேதியைப் போட்டால் சப்கிளாஸ், காலாவதி, நிபந்தனை எல்லாம் வரும். 500 என்று இருக்க வேண்டும், 601 என்றோ, சுற்றுலா விசாவான 600 என்றோ இருந்தால் விமானம் ஏறாதீர்கள். மாணவர் விசாவில்கூட படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதுவும் வகுப்பு தொடங்கிய பிறகுதான். "வேலை செஞ்சே போட்ட காசை எடுத்துடலாம்" என்று சொல்பவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்.

ஏஜெண்டை வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு சோதனை இருக்கிறது. ஆஸ்திரேலியச் சட்டப்படி ஒவ்வொரு கல்வி நிலையமும் தன் ஏஜெண்டுகளின் பட்டியலைத் தன் இணையப் பக்கத்தில் போட வேண்டும். ஏஜெண்டு சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை விட்டுவிட்டு அந்தப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். கட்டணத்தையும் ஆபர் லெட்டரில் சொன்ன வழியில் நேராகக் கல்வி நிலையத்துக்கே கட்டுங்கள். ஏஜெண்டின் மனைவி கணக்குக்கோ 'அக்கவுண்டண்ட்' கணக்குக்கோ பத்துக் காசு போகக் கூடாது.

'பேங்க் கணக்கு ஏற்பாடு' என்ற 2,000 வெள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷோ மணி என்பார்கள். யாரோ ஒருவரின் பணத்தை உங்கள் கணக்கில் சில நாள் போட்டு ஸ்டேட்மெண்ட் எடுப்பது, அல்லது ஸ்டேட்மெண்டையே கம்ப்யூட்டரில் செய்துவிடுவது. மாணவர் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்டச் சொல்லலாம், ஆறு மாதமென்றால் அதில் பாதி. அந்தத் தொகையைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். போலி ஆவணம் பிடிபட்டால் ஆஸ்திரேலியா மூன்று ஆண்டுக்கு விசா தராமல் நிறுத்தலாம், பிரிட்டன் பத்து ஆண்டுக்கு. மாட்டுவது மனுவில் கையெழுத்துப் போட்ட பிள்ளை, ஏஜெண்டு இல்லை. இந்தக் குடும்பத்தின் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், இ.டி.ஏ.வுக்குப் பேங்க் ஸ்டேட்மெண்டே கேட்பதில்லை. 2,000 வெள்ளி சும்மா போனது.

பிரிட்டனில் கதை தலைகீழ். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஆறு மாதத்துக்குள் முடிகிற படிப்புக்கு மலேசியர் பார்வையாளராகவே போகலாம், பிரிட்டனுக்கென்று தனியாக உள்ள இ.டி.ஏ. அனுமதி போதும். வேலை மட்டும் செய்யக் கூடாது. இது தெரியாதவர்களிடம் 'ஸ்டூடண்ட் விசா', 'ஹெல்த் சர்சார்ஜ்' என்று ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுகிறார்கள். ஆண்டுக்கு 776 பவுண்டு சர்சார்ஜ் உண்மைதான், ஆனால் அது ஆறு மாதத்துக்கு மேல் போகிற மாணவர் விசாக்காரர்களுக்கு. ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டம் என்று வந்தால் அங்கே டியூசன், பதிவு, பரீட்சைக் கட்டணம் எதுவும் மாணவரிடம் வாங்கக் கூடாது என்பது விதி. 'எராஸ்மஸ் சீட் ஃபீ' என்று யார் கேட்டாலும் அது திருட்டு.

பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் கிரெடிட், அதாவது டிகிரிக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி. அங்கே படித்தது இங்கே டிகிரியில் சேர வேண்டுமென்றால் பாடம் 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும், கிரேடு சி.க்குக் குறையக் கூடாது. மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பான எம்.கியூ.ஏ.யின் அளவுகோல் இது. எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம் என்று எழுதி, பிள்ளையின் துறையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் கையெழுத்துப் போட்ட தாள் புறப்படும் முன் கையில் இருக்க வேண்டும். லேர்னிங் அக்ரிமெண்ட் என்பது அதுதான். 10 வார ஆங்கில வகுப்பு எந்த டிகிரிப் பாடத்துக்கும் ஈடாகாது. கூடவே பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்குகிறவர்கள், செமஸ்டர் தள்ளிப்போனால் அந்தப் பணத்தின் கதி என்ன என்பதைக் கல்லூரியிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: இன்றோ நேற்றோ பணம் அனுப்பியிருந்தால் வேறு யாரிடமும் பேசுவதற்கு முன் தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997க்குப் போன் போடுங்கள், உங்கள் பேங்குக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் தடுக்க முடிந்தால் உண்டு. நாளாகிவிட்டால் போலீஸ் ரிப்போர்ட். ஏமாற்றுக்குக் குற்றவியல் சட்டம் 420வது பிரிவு. மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீஸின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அங்கே புகார் எதுவும் காட்டவில்லை என்பதால் கணக்கு சுத்தம் என்று அர்த்தமில்லை. முதல் ஏமாளி நீங்களாக இருக்கலாம்.

ஆபீஸும் ஆளும் இன்னும் இருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் வசதியான இடம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுப் படிவமான ஃபாரம் 1ஐ நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். 'திரும்ப வராது' என்ற ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள், நியாயமற்ற ஒப்பந்த விதியைத் தட்டிக் கேட்கப் பயனீட்டாளர் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் யார்மேல் போடுகிறோம் என்ற பெயர் சரியாக இருக்க வேண்டும். கதவில் இருந்த பெயரில் போட்டால் அப்படியொரு கம்பெனியே இல்லை என்று வந்து நிற்கும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம்.மில் சில வெள்ளி கட்டித் தேடி, ரசீது ஸ்டாம்பில் உள்ள பதிவு எண்ணுக்கு யார் உரிமையாளர், முகவரி என்ன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடப்பிதழை ஏஜெண்டு வைத்துக்கொண்டு "பாக்கியைக் கட்டு, தர்றேன்" என்றால் அதற்கும் தனி ரிப்போர்ட் போடலாம், இன்னொருவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பதே குற்றம். வாட்சாப் பேச்சையும் வாய்ஸ் மெசேஜையும் அழிக்காதீர்கள். புதுப் போன் வாங்கினால் முதலில் பேக்கப் எடுங்கள். 'மூணு மாசத்துல விசா மாத்திக்கலாம்' என்று அவர் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை, அந்த வாய்ஸ் மெசேஜில்தான் இருக்கிறது.