சினிமா, சீரியல், ரீல்ஸ்: இதுல எது வீட்டுக்கு கம்மி டேமேஜ்?

சினிமா பசங்கள கெடுக்குது, சீரியல் குடும்பத்த கெடுக்குது, போன் எல்லாரையும் கெடுக்குதுன்னு மூணையும் ஒரே மூச்சுல திட்டுறவங்க நம்ம ஊர்ல ஜாஸ்தி. ஆனா மூணும் ஒரே மாதிரி கெடுக்கல, மூணும் பண்ற நல்லதும் வேற வேற. வீட்டுல பத்தாவது படிக்கிற பையனும் எழுபது தாண்டுன அம்மாவும் இருக்குற ஆளா என் கணக்க சொல்றேன், ஒத்துக்கலன்னா சண்டைக்கு வாங்க.

சினிமாவோட பவர் பத்தி தமிழ்நாட்டுக்காரனுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். 1967-ல அண்ணா வந்தாரு, அவரும் வசனம் எழுதுனவரு, அடுத்து கலைஞர், 1977-ல எம்ஜிஆர், அப்புறம் ஜானகி, ஜெயலலிதான்னு ஸ்டூடியோல இருந்து கோட்டைக்கு நேரா ரூட் போட்ட ஊரு இது. நல்ல பக்கம்னா, 2021-ல ஜெய் பீம் வந்தப்பதான் இருளர் ஜனங்க பட்டா இல்லாம, சாதி சர்ட்டிபிகேட் இல்லாம, பொய் கேஸுக்கு பயந்துகிட்டு வாழறாங்கன்னு நெறைய பேருக்கு உறைச்சுது. இதையே களத்துல நின்னவங்க வருஷக்கணக்கா கத்துனாங்க, அப்பல்லாம் எவனும் காது குடுக்கல.

கெட்ட பக்கம்னா பொண்ணு பின்னாடியே சுத்துறத லவ்வுன்னு வித்தது. அவ மூஞ்சிய திருப்பிட்டு போவா, இவன் பஸ் ஸ்டாப் வரைக்கும் போவான், கூட இருக்குற காமெடியன் ஐடியா குடுப்பாரு, இன்டர்வெல்லுக்குள்ள அவளே மனசு மாறி டூயட்டுக்கு வந்துருவா. 2016-ல நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன்ல காலங்காத்தால ஒரு பொண்ண வெட்டிக் கொன்னதுக்கு அப்புறம்தான் இந்த மாதிரி சீன பத்தி பேச்சே பெருசாச்சு. ஆனா ஒண்ணு, பேச்சு வந்துச்சுல்ல? 2002-ல பாபாவுல ரஜினி சிகரெட் பிடிச்சதுக்கு பாமக சண்டைக்கு வந்துச்சு, 2018-ல சர்கார் போஸ்டர்ல விஜய் கையில சிகரெட் இருந்ததுக்கு சுகாதாரத்துறை நோட்டீஸ் விட்டு அந்த போஸ்டர தூக்க வச்சாங்க. சென்சார், கோர்ட்டு, கட்சின்னு சினிமாவ தட்டிக்கேக்க நாலு பேராச்சும் இருக்காங்க (சில நேரம் தேவையில்லாததுக்கும் கேப்பாங்க, அது தனி கதை).

சீரியலுக்கு வரேன், இங்கதான் எனக்கும் என் பிரெண்ட்ஸுக்கும் ஒத்துவராது. 1999-ல சித்தி ஆரம்பிச்சதுல இருந்து சாயங்காலம் ஆனா வீடே டிவி முன்னாடின்னு ஆகிப்போச்சு. பால்ல விஷம், வயித்துல இருக்குற குழந்தைக்கு சதி, கன்னத்துல விடுற ஒரே அறைய மூணு ஆங்கிள்ல காட்டி அதுக்கு வீட்டுல உள்ள எட்டு பேரோட ரியாக்ஷன்னு அரை மணி நேரத்த ஓட்டிருவாங்க, இதுக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கல. மாமியார்னா வில்லி, மேக்கப் ஜாஸ்தி போட்டா வில்லிங்கிற கணக்கு இன்னும் போகல. ஆனா 2003-ல கோலங்கள் வந்தப்போ ஒரு பொண்ணு கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி நடத்தி ஆம்பளைங்கள எதிர்த்து நின்னத, வேலைக்கே போகாத லட்சக்கணக்கான பொம்பளைங்க 2009 வரைக்கும் தினமும் பாத்தாங்களே, அதுக்கு சமமா அந்த டைம்ல சினிமால என்ன இருந்துச்சு? ஹீரோயின் பாட்டுக்கு வந்துட்டு போயிருவா.

கோலங்கள் எடுத்த அதே டைரக்டர் திருச்செல்வம் 2022-ல எதிர்நீச்சல் எடுத்தாரு. வீட்டு மருமகளுங்க படிச்சிருந்தும் அடுப்படியிலயே கெடக்கணும்னு அதட்டி வைக்கிற ஆதி குணசேகரன், அதான் மாரிமுத்து நடிச்ச கேரக்டர், பயங்கர ஹிட்டு. வேடிக்கை என்னன்னா அந்த ஆள பாத்து வெறுக்கணும்னு எழுதுன கேரக்டர், போன்ல மீமா மாறுனதும் பசங்களுக்கு மாஸ் ஆகிருச்சு. ஹால்ல எங்கம்மா கீரை ஆஞ்சுகிட்டே "இவன் வெளங்குவானா, எங்க மாமனாரும் இப்படித்தான்"னு ஆரம்பிச்சு, நான் கேள்வியே படாத குடும்பக் கதையெல்லாம் சொல்லுவாங்க. பையன் ரூம்ல அதே ஆளோட அதட்டல பத்து செகண்டு கிளிப்பா பாத்து சிரிப்பான். சீன் ஒண்ணுதான், ஆனா ஹால்ல திட்டு விழுது, ரூம்ல கைதட்டு விழுது.

இப்ப ரீல்ஸ், யூடியூப்னு போன்ல ஓடுறது எல்லாம். நல்லது இல்லாம இல்ல. புதுக்கோட்டை பக்கத்துல ஒரு கிராமத்து தாத்தாவும் பேரனுங்களும் வயக்காட்டுல அடுப்பு மூட்டி சமைச்சு, 2021-ல தமிழ்லயே மொதல்ல ஒரு கோடி சப்ஸ்கிரைபர தொட்டாங்க, வில்லேஜ் குக்கிங் சேனல். எந்த புரொட்யூசரும் அவங்களுக்கு சான்ஸ் குடுத்துருக்க மாட்டான். குரூப் 4-க்கு கோச்சிங் காசு கட்ட முடியாத பசங்க யூடியூப்ல படிச்சு எழுதுறாங்க. இந்த வாசல் சினிமால கெடையாது, சீரியல்ல சுத்தமா கெடையாது.

ஆனா அடுத்தவன் போன்ல என்ன ஓடுதுன்னு யாருக்கும் தெரியாதே. 2020 ஜூன்ல டிக்டாக்க தடை பண்ணாங்க, கூட்டம் அப்படியே இன்ஸ்டாவுக்கு போச்சு, அவ்ளோதான். பைக் ஸ்டண்ட்ல பேர் வாங்குன யூடியூபர் ஒருத்தர் 2023-ல காஞ்சிபுரம் பக்கம் ஹைவேல வீலிங் பண்ணி விழுந்து, லைசென்ஸே பத்து வருஷத்துக்கு போச்சு, அப்பவும் அவருக்கு சப்போர்ட்டா பசங்க கூட்டம். நீங்க ஒரு தடவ அந்த வீடியோல நின்னுட்டா அதே மாதிரி நூறு வரும், நிறுத்துனு சொல்ல பக்கத்துல பாட்டி இல்ல. கலர் ஆகுற கிரீம், ரெண்டு மாசத்துல பணக்காரன், சாதிப் பெருமை பாட்டு கட் எல்லாம் இப்படித்தான் சத்தமில்லாம உள்ள வருது.

அதனால என் ஆர்டர் இது: வெளிய ஊரையே அசைக்கிறதுக்கு சினிமாவ அடிச்சுக்க ஆளில்ல, புது ஆளுக்கு வழி விடுறதுல போன்தான் டாப்பு, ஆனா வீட்டுக்குள்ள கம்மி டேமேஜ்னு கேட்டா நான் சீரியல்தான் சொல்வேன், தரத்துனால இல்ல, சேந்து ஒக்காந்து திட்டிகிட்டே பாக்குறோம்ங்கிறதால. போன புடுங்குறதெல்லாம் பத்தாவது பையன்கிட்ட நடக்காது, அதனால எங்க வீட்டுல ராத்திரி ஹால்ல ஒக்காந்துதான் பாக்கணும், ஹெட்போன் கெடையாதுன்னு வச்சிருக்கோம். காது வலிக்குது, அதே மியூசிக் நாப்பது தடவ ஓடுது, ஆனா எங்கம்மாவுக்கு இப்ப ரெண்டு மூணு யூடியூபர் பேர் தெரியும், அவனுங்களையும் குணசேகரன் லெவலுக்கு திட்ட ஆரம்பிச்சுட்டாங்க.