அம்பு பட்டும் சாகாத மான்: காத்திருப்பதா, இரண்டாவது அம்பா, துப்பாக்கியா, கத்தியா?

அம்பு அறுத்துக் கொல்லும் ஆயுதம். துப்பாக்கித் தோட்டாவைப் போல அடித்துச் சாய்க்கும் வேகம் அதற்கு இல்லை. கூரான அலகு இரத்தக் குழாய்களை வெட்டுகிறது, மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, விலங்கு நினைவிழந்து விழுகிறது. உடல் எடையில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் இரத்தம். 70 கிலோ மானுக்கு ஐந்து லிட்டரை ஒட்டி இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேகமாக வெளியேறினால்தான் மான் சாயும். இரு நுரையீரலும் துளைபட்டால் அதற்குப் பத்து, பதினைந்து விநாடி போதும். கல்லீரலில் பட்டால் மணிக்கணக்கு. குடலில் பட்டால் அரை நாள்கூட ஆகலாம்.

அம்பு தவறிய இடத்தில் பட்ட விலங்கை முடித்துவைக்க நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு: காத்திருப்பது, இன்னொரு அம்பு, துப்பாக்கி, கத்தி, தடம் பிடிக்கும் நாய். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. விலங்கு நிற்கிறதா, படுத்திருக்கிறதா, கண்ணுக்கே தெரியவில்லையா என்பதுதான் விடையைத் தீர்மானிக்கும்.

காத்திருப்பதா, உடனே பின்தொடர்வதா?

வலியில் இருக்கும் உயிரைக் காக்கவைப்பது கொடுமை என்று மனம் சொல்லும். குடலில் அம்பு பட்ட மானின் விஷயத்தில் மனம் சொல்வது தப்பு. யாரும் துரத்தாவிட்டால் அது பெரும்பாலும் ஓரிரு நூறு மீட்டருக்குள் புதரில் படுத்துவிடும், படுத்த இடத்திலேயே உயிர் விடும். ஆள் வரும் சத்தம் கேட்டால் எழுந்து ஓடும். கிலோமீட்டர் கணக்கில் போகும். இரத்தம் சொட்டாத காயம் என்பதால் தடமும் கிடைக்காது. பதறாத காரியம் சிதறாது என்பது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

எவ்வளவு நேரம் என்பதை அம்பும் இரத்தமும் சொல்லும். இளஞ்சிவப்பாய், நுரை கட்டிய இரத்தம் என்றால் நுரையீரல்: அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பு, நுரை இல்லை என்றால் கல்லீரலாக இருக்கலாம்: குறைந்தது நான்கு மணி நேரம். அம்புத் தண்டில் பச்சையோ பழுப்போ ஆன இரை ஒட்டி, முகர்ந்தால் நாற்றமும் அடித்தால் இரைப்பை அல்லது குடல்: எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். பளிச்சென்ற சிவப்பு, நுரை இல்லை, ஆரம்பத்தில் நிறையக் கொட்டி இருநூறு மீட்டரில் வற்றிப்போகிறது என்றால் அது தசைக்காயம். அந்த விலங்கு பிழைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

அடிபட்ட நொடியில் விலங்கு நடந்துகொண்ட விதமும் சாட்சிதான். உடலைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தால் நெஞ்சில் பட்டிருக்கலாம். பின்னங்காலை உதைத்துத் துள்ளினால் இதயத்தை ஒட்டிப் பட்டிருக்கும். முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்தால் வயிற்றில் பட்டதற்கான அடையாளம். எதுவும் உறுதியாகத் தெரியவில்லையா, மோசமான இடத்தில் பட்டதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை வரும்போலிருக்கிறது, தடம் அழிந்துவிடுமே என்று கிளம்பிவிடுகிறவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள். நுரையீரலில் பட்ட மான் நூறு மீட்டர் சுற்றளவுக்குள் கிடக்கும், தடம் இல்லாமலே தேடிக் கண்டுபிடிக்கலாம். குடலில் பட்டதற்கு மழை அழிக்கும்படி தடமே பெரிதாக இருக்காது. ஆக, மழைக்குப் பயந்து அவசரப்படுவதால் கிடைக்கும் லாபம் நினைப்பதைவிடக் குறைவு. உண்மையான இழப்பு வெயிலில்தான்: வெப்பமான நாளில் எட்டு மணி நேரம் காத்திருந்தால் இறைச்சி கெடும். அந்த நஷ்டத்தை வேட்டைக்காரன் ஏற்க வேண்டும், மானின் தலையில் கட்டக் கூடாது. ஓநாயோ வேறு கொன்றுண்ணிகளோ நிறைய உள்ள காட்டில் மட்டும் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது.

காத்திருத்தல் எல்லாமே கண்ணுக்கு மறைந்த விலங்குக்குத்தான். கண்ணெதிரே, அம்பு எட்டும் தூரத்தில் நிற்கும் காயம்பட்ட விலங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது அம்பு

முதல் அம்பு கிளம்பியதுமே அடுத்ததை நாணில் பூட்டிவிட வேண்டும். இதில் காம்பவுண்ட் வில்லும் (நுனிகளில் கப்பி வைத்த நவீன வில்) மரபு வில்லும் குறுக்குவில்லை விட மேல். குறுக்குவில்லை மறுபடி இழுத்துப் பூட்ட நேரமும் அசைவும் தேவை, விலங்கு அதைப் பார்த்துவிடும்.

பரண் மேலிருந்து எய்பவர்களை அதிகம் ஏமாற்றுவது முதுகில் பட்ட அம்பு. மான் நின்ற இடத்திலேயே சுருண்டு விழும், வேலை முடிந்தது என்று தோன்றும். இரண்டில் ஒன்று நடந்திருக்கும். தண்டுவடம் அறுபட்டிருந்தால் பின்பாதி செயலற்று, முன்னங்காலால் மண்ணைப் பிறாண்டும். நினைவு முழுமையாக இருக்கும். தண்டுவடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளெலும்பில் பட்டிருந்தால் வெறும் அதிர்ச்சி. சில விநாடியிலோ ஓரிரு நிமிடத்திலோ எழுந்து ஓடிவிடும். தோளுக்கு மேலே அந்த முள்ளெலும்புகள் உயரமானவை, அதனால் வெளியிலிருந்து பார்க்கும்போது தண்டுவடம் இருப்பதாக நினைக்கும் இடத்தைவிட உண்மையில் அது தாழ்வாகவே இருக்கிறது. இரு நிலைக்கும் மருந்து ஒன்றுதான்: பரணை விட்டு இறங்காமல், உடனே, நுரையீரலுக்கு இன்னொரு அம்பு.

குறி எப்போதும் மார்புக்கூடு. தலைக்கும் கழுத்துக்கும் அம்பு எய்யக் கூடாது. மண்டையோடு உருண்டையானது, கெட்டியானது, அலகை வழுக்கிவிடும், மூளை சிறியது, தவறினால் தாடை உடைந்த விலங்கு பட்டினியில் சாகும். நிற்கும் விலங்கு பின்பக்கம் சற்றுத் திரும்பியிருந்தால், எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கி எய்தால் அம்பு விலாவின் பின்புறம் நுழைந்து நெஞ்சைக் கடக்கும். படுத்திருக்கும் விலங்கில் கால் மடங்கியிருப்பதால் முழங்கை எலும்பு இதயத்தை மறைத்துக்கொள்ளும். இதயத்தை விட்டுவிட்டு, தோள் மடிப்புக்குப் பின்னால், உடலின் நடு உயரத்தில் நுரையீரலைத் தேடுவதே சரி.

நெருங்கிப்போய் எய்யும்போது வேறு ஒரு சிக்கல் முளைக்கும், பயிற்சித் திடலில் யாரும் பழகாத சிக்கல். காம்பவுண்ட் வில்லில் கண் பார்க்கும் கோட்டுக்குச் சுமார் 10 செ.மீ. கீழே அம்பு கிடக்கிறது. 20 மீட்டருக்குச் சரிசெய்த பின்னை (வில்லில் குறிபார்க்கும் முள்) வைத்து 3 மீட்டரில் எய்தால் அம்பு குறிக்கு ஐந்தாறு செ.மீ. கீழே படும். 40 மீட்டர் பின்னை வைத்தால் வித்தியாசம் பெருமளவு குறையும். வீட்டில் மண்மூட்டையில் 2, 3, 5 மீட்டரில் ஒருமுறை எய்து பார்த்துக் குறித்துவைத்தவருக்கு இது பிரச்சினையே இல்லை.

முனையிலும் தேர்வு உண்டு. பட்டதும் விரியும் முனை, சரிந்த கோணத்தில் பட்டால் வழுக்கவோ சரியாக விரியாமல் போகவோ வாய்ப்பிருக்கிறது. விரிவதற்கே கொஞ்சம் விசையும் செலவாகும். முதல் அம்புக்கு அது எவ்வளவு பிடித்திருந்தாலும், அம்புக்கூட்டில் நிலையான அலகு பூட்டிய அம்பு ஒன்று இதற்கென்றே தனியாக இருக்கட்டும். இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தில் லேசாக வைத்ததும் அறுபடாத அலகு இந்த வேலைக்கு உதவாது. விலங்கின் அடியில் பாறை இருந்தால் ஊடுருவிய அம்பு தெறிக்கும், அதையும் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

துப்பாக்கி

விழுந்து கிடக்கும் விலங்கின் மூளைக்குள் சரியாகச் செல்லும் தோட்டாவைவிட வேகமான முடிவு வேறெதுவும் தராது. நினைவு அந்தக் கணமே போய்விடும். அம்பு எவ்வளவு நன்றாகப் பட்டாலும் அது நடக்காது. இந்த ஒரே அளவுகோலில் பார்த்தால் துப்பாக்கிக்குத்தான் முதலிடம்.

ஆனால் வில்லுக்கென்று ஒதுக்கிய பருவத்தில் துப்பாக்கி எடுத்துப்போவதையோ அதால் விலங்கை முடிப்பதையோ பல இடங்களின் சட்டம் தடுக்கிறது. சில இடங்களில் வனக்காவலரை அழைத்து அனுமதி கேட்கலாம். காட்டுக்குள் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், மான் துடிக்கும்போது சட்டப்புத்தகம் புரட்ட முடியாது.

குறி வைக்கும் இடம்: ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் காதின் அடிவரை ஒரு கோடு கற்பனை செய்தால், இரண்டும் வெட்டும் புள்ளி. கண்களுக்கு நடுவே சுடுவது பரவலான தவறு. அங்கே இருப்பது மூளையின் கீழே உள்ள மூக்கறை. குழாய் கழுத்தின் திசையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். குழாயை மண்டையில் ஒட்டி அழுத்தக் கூடாது, ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். மானுக்கு .22 அங்குல விட்டமுள்ள சிறிய தோட்டாவே இந்த நெருக்கத்தில் போதும். பெரிய காட்டுப்பன்றிக்குப் போதாது; அதன் நெற்றி எலும்பு தடிப்பு, மூளை உள்ளே ஆழத்தில். .22 தோட்டா சிறியது என்று அலட்சியம் வேண்டாம்: ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும், பாறையில் பட்டால் தெறிக்கும். பின்னணியில் மண் இருக்க வேண்டும்.

சுட்ட பிறகு கால்கள் அரை நிமிடம்கூட உதைக்கலாம். அது தண்டுவடத்தின் தன்னிச்சையான அசைவு. பார்க்க வேண்டியது மூச்சை. சீரான இடைவெளியில் மூச்சு தொடர்ந்தால் தோட்டா மூளையைத் தொடவில்லை, மறுபடி சுட வேண்டும்.

தலையில் சுட இயலாத சந்தர்ப்பமும் உண்டு. மான்களைப் பீடிக்கும் நாள்பட்ட மெலிவு நோய் பரவியுள்ள பகுதிகளில் பரிசோதனைக்கு மூளைத்தண்டும் தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர் முடிச்சுகளும் சிதையாமல் வேண்டும். அங்கே தோட்டாவையும் நெஞ்சுக்கே அனுப்ப வேண்டும், வேகத்தில் கொஞ்சம் இழந்தாலும்.

கத்தி

கத்திக்குக் கடைசி இடம்தான். அது பழமையான வழி, சத்தமில்லாத வழி, எப்போதும் இடுப்பில் இருக்கும் கருவி, எல்லாம் சரி. நினைவோடு இருக்கும் விலங்கை மனிதக் கை தொடுவதே அதற்குப் பெரும் பீதி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் கருணைக்கொலை வழிகாட்டுதலும், நினைவுள்ள விலங்கின் இரத்தத்தை வடித்துக் கொல்வதைத் தனி முறையாக ஏற்பதில்லை. கொம்பும் குளம்பும் ஆளைக் கிழித்துவிடும் என்பது அடுத்த சங்கதி.

கழுத்தறுப்பது உடனடி முடிவு என்பது பரவலான நம்பிக்கை. அடர்ந்த மயிரும் தடித்த தோலும் கத்தியை வாங்கிக்கொள்ளும். இரு பக்கத் தமனியும் ஒரே இழுப்பில் அறுபடாவிட்டால் விலங்கு நினைவோடு கிடக்கும். மாட்டைப் போன்றவற்றில் கழுத்தெலும்புக்குள் ஓடும் வேறு தமனிகள் மூளைக்கு இரத்தம் கொண்டுபோவதும் உண்டு. வேறு வழியே இல்லை என்றால் நெஞ்சுக் குத்து இதைவிட வேகம்: முதுகுப் பக்கமாக நின்று, முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், விலாக்களுக்கு இடையே, இதயத்தை நோக்கி. 15 செ.மீ. குறையாத, கைப்பிடி வரை ஒரே இரும்பாய் ஓடும் கத்தி வேண்டும். மடக்குக் கத்தி கையிலேயே மடங்கும். நாய்கள் மடக்கிப் பிடித்த காட்டுப்பன்றியைத் துப்பாக்கியால் சுட்டால் நாய்க்கே ஆபத்து என்ற நிலையில் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் இந்த முறையைப் பழகி வைத்திருக்கிறார்கள்.

பிடரியில் குத்தித் தண்டுவடத்தை அறுக்கும் பழைய முறையை மட்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம். உடல் அசைவற்றுப் போகும், பார்ப்பவருக்கு அமைதியான சாவாகத் தோன்றும். மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டேயிருக்கும், விலங்கு விழித்தே கிடக்கும்.

முயல், பறவை போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. பறவைக்குக் கழுத்தெலும்பை இழுத்து முறிப்பது விரைவானது. வளர்ந்த முயலின் கழுத்து வலுவானது; பழக்கமில்லாதவர் முறிக்கப்போய்ப் பாதியில் நிற்பார். அதற்குக் காதுகளுக்குப் பின்னால் கனமான தடியால் ஒரே பலத்த அடி மேல்.

நாய்

நாய் எதையும் கொல்வதற்காக அல்ல. மற்ற வழிகளைச் சாத்தியமாக்குவதற்கு. ஆறேழு மீட்டருக்குக் குறையாத நீள வாரில் கட்டிய, பழக்கிய தடநாய் இரத்தமே இல்லாத தடத்தையும் குளம்பு மணத்தை வைத்துப் பிடிக்கும். குடல் காயத்தில் மனிதக் கண்ணுக்கு இருபது மீட்டரில் முடிந்துபோகும் தடம் நாய்க்கு மறுநாளும் தெரியும். இதற்கு ஒரே எதிரி, நாய் வருவதற்குள் நான்கு பேர் சேர்ந்து தேடி, காலில் இரத்தத்தை ஒட்டிக்கொண்டு காடெங்கும் பூசிவிடுவது. கடைசியாக இரத்தம் கண்ட இடத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி, நாய்க்காரரை அழைத்தால் போதும். நாய் வைத்துத் தேடுவதற்கும் பக்கத்து நிலத்துக்குள் நுழைவதற்கும் அனுமதி தேவையா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

எந்த நிலைக்கு எது

நின்றால் அல்லது பரணிலிருந்து தெரிந்தால் இரண்டாவது அம்பு. மறைந்துவிட்டால் காத்திருப்பு, பிறகு நாய். விழுந்து நினைவோடு கிடந்தால், சட்டம் இடம் கொடுக்கும் பட்சத்தில் துப்பாக்கி. கொடுக்காவிட்டால் மூன்று, நான்கு மீட்டரிலிருந்து மறுபடியும் அம்பு. கத்தி இவை அனைத்தும் கைவிட்ட பிறகு.

எந்த வழியானாலும் நெருங்குவது முதுகுப் பக்கத்திலிருந்து, அடுத்த அம்பு நாணில் இருக்க. கண் மூடியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். செத்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே நிலைகுத்தி நிற்கும். நீண்ட குச்சியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்து, இமை துடித்தால் பின்வாங்கி மறுபடி எய்ய வேண்டும். துடிக்காவிட்டால் ஐந்து நிமிடம் நின்று, விலா அசைகிறதா என்று பார்த்து, இன்னொரு முறை தொட வேண்டும். பிறகு அம்புகளை எண்ண வேண்டும். உள்ளே முறிந்துபோன தண்டோடு ஒரு முனை தங்கியிருந்தால், அறுத்துச் சுத்தம் செய்யக் கையை விடும்போது விரலைத்தான் அது முதலில் கண்டுபிடிக்கும். எத்தனை அலகு பூட்டியிருந்ததோ அத்தனையும் கணக்கில் வரும்வரை கையை நெஞ்சுக்கூட்டுக்குள் விடக் கூடாது.