ஒரு மில்லிவோல்ட்டை எதில் பார்ப்பது: ஸ்கோப்பா, ப்ரீஆம்ப்பா, சவுண்ட் கார்டா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் பூரம், வேல என்ற கோயில் திருவிழா சீசனுக்கு முன்னால் மைக்செட்காரர்களின் மிக்ஸரும் ஆம்ப்ளிஃபையரும் சர்வீஸ் மேசைக்கு வந்துவிடும். நடுவில் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றிரண்டும் வரும். மைக் தருவது சில மில்லிவோல்ட். ரெக்கார்டு பிளேயரின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ், மூவிங் மேக்னட் வகை என்றால் சுமார் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் என்றால் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 வரைதான். இதை எதில் அளப்பது? என் ஓட்டை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: அலையைத் திரையில் வரைந்து காட்டும் புது ஸ்கோப்புக்குக் (ஆசிலாஸ்கோப்) காசு சேர்க்கும் முன், சின்ன சிக்னலைப் பெருக்கித் தரும் ஒரு ப்ரீஆம்ப் கட்டிக்கொள்ளுங்கள்.

சாதாரண டிஜிட்டல் ஸ்கோப் 8 பிட். திரையின் முழு உயரத்துக்கும் 256 படிதான். கட்டத்துக்கு 5 மில்லிவோல்ட், எட்டுக் கட்டம் என்று வைத்தால் ஒரு படி 0.16 மில்லிவோல்ட். உச்சிக்கு உச்சி ஒரு மில்லிவோல்ட் உள்ள சைன் அலை ஆறு படியில் ஏறி இறங்கும். அதையும் ஸ்கோப்பின் சொந்த இரைச்சல் மூடிவிடும். கட்டத்துக்கு 1 மில்லிவோல்ட் என்று விளம்பரம் செய்யும் பல மலிவு மாடல்கள் மேல் ரேஞ்சின் படத்தையே பெரிதாக்கிக் காட்டுகின்றன. ப்ரோப் (ஸ்கோப்பின் அளக்கும் வயர்) 10 மடங்கில் இருந்தால் சிக்னல் இன்னும் பத்தில் ஒன்றாகிவிடும். 1 மடங்குக்கு மாற்றுங்கள், அதற்கு மேலுள்ள இரைச்சலை வெட்டும் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட்டைப் போடுங்கள். ஆடியோவுக்கு அது தாராளம்.

ஸ்கோப்பில் ஆவரேஜ் (திரும்பத் திரும்ப வரும் அலையின் சராசரி) போட்டால் அலை தெளியும்: 64 முறைக்கு இரைச்சல் எட்டில் ஒன்றாகும். ஆனால் படம் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் ட்ரிகரை, சோதனை அலை தரும் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்தே எடுக்க வேண்டும். இன்னொன்று, ஆம்ப்பில் உண்மையாகவே இருக்கும் ஹம்மும் (மெயின்ஸ் உறுமல்) ட்ரிகரோடு சேராததால் ஆவரேஜில் கரைந்துவிடும். “படம் சுத்தமா இருக்கே அண்ணா, ஸ்பீக்கர்ல மட்டும் ஏன் உறுமுது?” என்று கேட்கும் பையன்களிடம் முதலில் ஆவரேஜை அணைக்கச் சொல்வேன். 12 பிட் ஸ்கோப்பில் 4096 படி, நிஜமாகவே நல்லது. ஆனாலும் முன்பக்க இரைச்சல் பிட் கூடியதால் மட்டும் குறைந்துவிடாது.

ப்ரீஆம்ப் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு என்.இ.5532 (ஆப்-ஆம்ப் ஐ.சி.), 100 ஓம், 10கே ரெசிஸ்டர்கள், இரண்டு 9 வோல்ட் பேட்டரி, மூடியுள்ள ஒரு தகர டப்பா. 101 மடங்கு பெருக்கும். 20 கிலோஹெர்ட்ஸ் வரை அதன் சொந்த இரைச்சல் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே, அதாவது 1 மில்லிவோல்ட் சிக்னலுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் ஸ்கோப்பில் 100 மில்லிவோல்ட் அலையைச் சாவகாசமாகப் பார்க்கலாம். சரிபார்ப்பதும் எளிது: ஜெனரேட்டரின் 1 வோல்ட்டை மல்டிமீட்டரில் அளந்து, 100கே-யும் 100 ஓமும் கொண்டு பிரித்தால் ஒரு மில்லிவோல்ட் கிடைக்கும். சின்னதை நேரே அளக்காமல், பெரிதை அளந்து பிரிப்பதுதான் இதில் சூட்சுமம். பேட்டரி என்பதால் டப்பா வழியாக மெயின்ஸ் நுழையாது. ஆனால் ஸ்கோப்பின் எர்த்தும் ஆம்ப்பின் எர்த்தும் வளையம் போடுவதை இது தடுக்காது. கிரவுண்ட் கிளிப் வயரைக் குட்டையாக வையுங்கள். பக்கத்தில் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் ஓடினால் அலையில் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முள் நிற்கும். ஃபேனை நிறுத்திப் பாருங்கள், போய்விடும்.

ஹம் வேட்டைக்கு மட்டும் சவுண்ட் கார்டுக்கே என் ஓட்டு. 24 பிட், ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று) காட்டும் ஒரு இலவச மென்பொருள், போதும். 50 ஹெர்ட்ஸும் 150 ஹெர்ட்ஸும் எழுந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது எர்த் வளையத்தைச் சந்தேகிக்கலாம். 100 எழுந்தால் ஃபில்டர் கண்டென்சரைப் பார்க்கலாம். ஸ்கோப்பில் இவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடக்கும். குறைகளும் உண்டு. வோல்ட் கணக்கு அதற்குத் தெரியாது, நாமே அளவு சொல்லிக் கொடுக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் 24-க்கு மேல் அது குருடு. சில நூறு கிலோஹெர்ட்ஸில் தானாகவே அலை எழுப்பி (ஆசிலேட் ஆகி) ஹீட்சிங்க்கைச் சுட வைக்கும் ஆம்ப்பை அது ‘நல்ல பிள்ளை’ என்றே காட்டும். ஸ்கோப் பார்த்தவுடன் பிடித்துவிடும். ஸ்பீக்கர் அவுட்டை நேரே சவுண்ட் கார்டில் செருகாதீர்கள். பிரிட்ஜ் ஆம்ப்பில் இரண்டு முனையும் உயிர் முனை, அங்கே ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பையும் மாட்டாதீர்கள்.

ஊசி வைத்த பழைய ஏ.சி. மில்லிவோல்ட்மீட்டர் அலையின் வடிவத்தைக் காட்டாது, ஹம்மையும் சிக்னலையும் பிரிக்காது. ஆனால் கேசட் டெக்கில் இடது வலது சேனலைச் சமப்படுத்த ட்ரிம்மரைத் திருகும்போது, திரையில் கட்டம் எண்ணுவதைவிட ஊசியைப் பார்ப்பது வேகம். கோவையில் பழைய சாமான் கடையில் ஓடும் நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.