செப்பாங் போகும் காருக்கு எந்த ஆயில் பிக்கப்?

எஞ்சினுக்குக் கீழே உள்ள எண்ணெய்த் தொட்டிதான் சம்ப். அதன் அடியில் தேங்கும் எண்ணெயை உறிஞ்சி பம்புக்குக் கொடுப்பது பிக்கப் குழாய். சிங்கப்பூருக்குள் மட்டும் ஓட்டினால் காரோடு வந்ததே போதும். விரைவுச்சாலையிலேயே உச்ச வரம்பு மணிக்கு 90 கி.மீ.தான். காஸ்வேயைத் தாண்டி மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் இறங்கினால் கதை வேறு. 5.543 கி.மீ., 15 வளைவுகள். அதில் 5, 6ஆம் வளைவுகள் வேகத்தோடு நீண்டு போகிறவை. பக்கவாட்டு விசை 1 ஜி-யைத் தொட்டால் எண்ணெய்ப் பரப்பு 45 பாகை சாய்ந்து சம்பின் ஒரு பக்கமாக ஏறிவிடும். குழாய் வாயில் காற்றுதான் மிஞ்சும். 7,000 ஆர்பிஎம்மில் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் நொடிக்கு 116 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. எண்ணெய் அழுத்தம் விழுந்தால் முதலில் அடிவாங்குவது பிஸ்டன் தண்டைக் கிராங்கோடு சேர்க்கும் ராட் பேரிங்.

சந்தையில் கிடைக்கும் எளிய மாற்று, வலுப்படுத்திய நிலையான பிக்கப். சுபாரு ஈஜே எஞ்சின் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் போடலாம். அதன் ஒரிஜினல் குழாய் பற்றவைத்த இடத்தில் விரிசல் விடுவது தெரிந்த கோளாறு. சம்ப் நிறைய எண்ணெய் இருந்தாலும் விரிசல் வழியே காற்று போகும். ஆனால் குழாய் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், வாய்க்கு எண்ணெய் வராவிட்டால் பயனில்லை. அதனால் என் ஓட்டு, இந்தப் பிக்கப்போடு உள்ளே தடுப்புகளும் கதவுகளும் வைத்த பேஃபிள் சம்புக்கு. கதவுகள் எண்ணெயைக் குழாய்ப் பக்கம் விடும், திரும்ப விடாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் சம்பை வாங்குங்கள். ஈஜே மட்டும் விதிவிலக்கு.

ஆடும் பிக்கப், எண்ணெய் போகும் திசைக்கே வாயைத் திருப்பும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் முன்பின் அசைவுக்காகச் செய்தது, நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) பந்தயத்துக்குப் பொருந்தும். ஆடும் மூட்டு தேய்ந்தால் அங்கேயே காற்று நுழையும். இரட்டை வாய் பிக்கப்பை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இரண்டு ஸ்ட்ராவில் ஒன்று டம்ளருக்கு வெளியே இருந்தால் இளநீர் வாய்க்கு வருமா? பம்பும் அப்படித்தான், எளிதாக வரும் காற்றைத்தான் இழுக்கும்.

அழுத்தத்தில் எண்ணெயைச் சேமித்து வைக்கும் அக்யூசம்ப் சில நொடிகளுக்குக் காப்பாற்றும். பேஃபிளுக்குத் துணையாக நல்லது. எண்ணெயைச் சம்பில் தேங்க விடாமல் வெளியே வைக்கும் டிரை சம்ப்தான் முழுத் தீர்வு. போர்ஷே 911 அதை 1960களிலேயே வைத்திருந்தது. ஆனால் தனித் தொட்டி, பல அடுக்கு பம்ப், குழாய்கள் என்று செலவு எகிறும். சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் சாலைக் காருக்கு அது தேவையில்லை; வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயரில் ஓடும் பந்தயக் காருக்குச் சரி.

எதைப் போட்டாலும் குழாய் வாய்க்கும் சம்பின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். வழக்கமாக 6 முதல் 10 மி.மீ. வாயில் களிமண் உருண்டை ஒட்டி, சம்பை மாட்டிக் கழற்றி, நசுங்கிய தடிமனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கார்நிறுத்த மேட்டில் இடித்துச் சம்ப் உள்வாங்கியிருந்தால் இந்த இடைவெளி குறைந்திருக்கும். குழாய் மூட்டில் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் புதிதாகவே போடுங்கள்.